விளையாட்டுக் கிராமம் யாருக்கு?

1980 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், லேக் பிளாசிட் என்ற சிற்றூரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. வீரர்களும் வீராங்கனைகளும் தங்குவதற்குப் பக்கத்தில் உள்ள ரே புரூக்கில் புதிய கட்டடங்கள் எழுந்தன. ஜன்னல்கள் ஒடுங்கியிருந்தன, அறைகள் நெருக்கடியாக இருந்தன. ஒருவர் படுக்க வேண்டிய இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டில்கள் போடப்பட்டிருந்தன. அந்த அறைகள் கைதிகளுக்காகத் திட்டமிடப்பட்டவை. போட்டிக்குப் பிறகு கட்டடத்தை நிரந்தரமாகப் பயன்படுத்த ஓர் அரசுத் துறை முன்வந்தால்தான் பணம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் நிபந்தனை விதித்திருந்தது. முன்வந்தது கூட்டரசின் சிறைத்துறை. ஒலிம்பிக் சுடர் அணைந்த அதே ஆண்டில் அந்த இடம் ரே புரூக் சிறைச்சாலையாகத் திறக்கப்பட்டது. இன்றும் அது சிறைதான்.

எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. சில நாடுகளின் அணிகள் அறைகளைப் பார்த்துவிட்டு வெளியே தனி வீடுகளை வாடகைக்கு எடுத்தன. இன்னொரு பக்கம், போட்டி தொடங்கும் முன்பே சிறைச் சீர்திருத்தம் கேட்டுவந்த குழுக்கள் ‘ஒலிம்பிக் சிறையை நிறுத்து’ என்ற பெயரில் ஓர் இயக்கம் தொடங்கியிருந்தன. நியூயார்க் நகரத்து ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மலைக்காட்டில் அடைத்தால் பெற்றவர்கள் எப்படிப் போய்ப் பார்ப்பார்கள் என்பது அவர்கள் கேள்வி. கம்பிகளுக்கு நடுவே நீளும் கை ஒன்று ஒலிம்பிக் தீபத்தைப் பிடித்திருப்பதாகச் சுவரொட்டி அச்சிட்டார்கள். ஐந்து வளையச் சின்னத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க ஒலிம்பிக் குழு ஆட்சேபித்தபோது விவகாரம் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. 1980இல் தீர்ப்பு இயக்கத்தின் பக்கம் வந்தது. சுவரொட்டி பிழைத்தது, சிறையைத் தடுக்க முடியவில்லை.

இந்த ஒரு வழக்கிலேயே முழுப் பிரச்சினையும் இருக்கிறது. பெரிய விளையாட்டுப் போட்டி நடக்கும் ஊரில் எல்லாம் ‘விளையாட்டுக் கிராமம்’ என்ற பெயரில் ஒரு குடியிருப்பு எழுகிறது. அதில் வீரர்கள் இரண்டு மூன்று வாரம் தங்குவார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் வேறு யாரோ வாழ்வார்கள். அதற்கு முன்பு அந்த மண்ணில் வேறு யாரோ வாழ்ந்திருப்பார்கள். கழிப்பறை அடைத்துக்கொண்டது என்று வீரர் சொன்னால் அது செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் வருகிறது. வீட்டை இடித்துவிட்டார்கள் என்று குடியிருந்தவர் சொன்னால் அது நகரச் செய்திப் பக்கத்தின் ஓரத்தில் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது தெரியும். நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டுவிட்ட கட்டுமானம், பின்னால் வாங்கப்போகிறவரின் வசதிக்காக வரையப்பட்ட திட்டம், மூடிய அறைக்குள் போடப்பட்ட ஒப்பந்தம் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில், உள்ளே தங்குபவருக்கும் வெளியே வாழ்பவருக்கும் ஒன்றாகவே கேடு விளைகிறது.

விளையாட்டுக் கிராமம் என்ற ஏற்பாடு ஒலிம்பிக்கோடு கூடப் பிறந்ததில்லை. 1932இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம்தான் முதல் முழுமையான கிராமத்தைக் கட்டியது: பால்ட்வின் குன்றுகளில் நூற்றுக்கணக்கான சிறு மர வீடுகள். ஆண்களுக்கு மட்டும்தான் அந்த இடம். பெண்கள் நகரத்து ஓட்டல் ஒன்றில் தங்கினார்கள். போட்டி முடிந்ததும் வீடுகளைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். போரில் நொறுங்கிப்போயிருந்த லண்டன் 1948இல் எதையும் கட்டவில்லை. விமானப்படை முகாம்களிலும் கல்லூரி விடுதிகளிலும் வீரர்களைத் தங்கவைத்துப் போட்டியை நடத்தி முடித்தது. 1956இல் மெல்போர்ன் வேறு வழியில் போனது. ஹைடல்பெர்க் வெஸ்ட் பகுதியில் அரசு வீட்டுவசதித் துறை கட்டிய வீடுகளில் முதலில் வீரர்கள், பிறகு வீடில்லாத உழைப்பாளிக் குடும்பங்கள். நோக்கம் நல்லது. ஆனால் அவசரத்தில் கட்டிய வீடுகளின் குறைகளோடு அந்தக் குடும்பங்கள் தலைமுறைக் கணக்கில் வாழ வேண்டியிருந்தது.

சென்னைக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி சென்னையில் நடந்தது. கோயம்பேட்டில் அதற்காக எழுந்த குடியிருப்பு இன்றும் ‘சாஃப் கேம்ஸ் வில்லேஜ்’ என்றே அழைக்கப்படுகிறது. பேருந்து நிலையம் போகிற வழியில் பெயரைக் கேட்டுப் பழகியவர்களில் பலருக்கு அது என்ன போட்டி என்பதே மறந்துபோயிருக்கும்.

டெல்லியின் கதை அவ்வளவு எளிதில் மறக்கக்கூடியதில்லை. அங்கே இரண்டு முறை நடந்தது. 1982 ஆசியப் போட்டிக்காகக் கட்டிட வடிவமைப்பாளர் ராஜ் ரேவால் வரைந்த ஆசிய விளையாட்டுக் கிராமம், முற்றங்களும் சந்துகளும் கொண்ட அழகான குடியிருப்பு என்று இன்றும் பாடப்புத்தகங்களில் பாராட்டப்படுகிறது. அந்தப் பாராட்டில் இடம்பெறாத ஆவணம் ஒன்று உண்டு. ஆசியப் போட்டிக் கட்டுமானங்களில் வேலை செய்த தொழிலாளர்களின் நிலையை மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் நேரில் விசாரித்து உச்ச நீதிமன்றத்துக்கு எழுதியது. நாள் கூலி ஒன்பதே கால் ரூபாயிலிருந்து ஆள் பிடித்துத் தந்த ஜமாதார் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டார் என்பது அதில் ஒரு புகார். 1982 செப்டம்பரில் நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பு, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று சொன்னது. இந்தியத் தொழிலாளர் சட்டத்தின் முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத்தின் தூசியிலிருந்து எழுந்தது.

இருபத்தெட்டு ஆண்டு கழித்து அதே நகரம் காமன்வெல்த் போட்டியை நடத்தியபோது அந்தத் தீர்ப்பு எழுதப்படாதது போலவே வேலை நடந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் முன்னாள் தூதர் அருந்ததி கோஷ் தலைமையில் அமைத்த குழு 2010 தொடக்கத்தில் கட்டுமானத் தளங்களைப் பார்வையிட்டது. தொழிலாளர் தங்குமிடங்களின் மோசமான நிலை, முறையான கழிப்பறை இல்லாமை, சட்டப்படியான கூலி கிடைக்காமை என்று அது பட்டியலிட்டது. சில மாதங்கள் கழித்து வெளிநாட்டு அணிகளும் கழிப்பறையைப் பற்றித்தான் பேசின. அப்போது உலகமே திரும்பிப் பார்த்தது.

டெல்லி கிராமத்தின் சிக்கல் இடத்தேர்விலேயே தொடங்கியது. அக்ஷர்தாம் கோயிலுக்குப் பக்கத்தில், யமுனையின் கிழக்குக் கரையில், 34 கோபுரங்களில் 1,168 குடியிருப்புகள் என்பது திட்டம். டெல்லி வளர்ச்சி ஆணையமும் எம்மார் எம்ஜிஎஃப் என்ற தனியார் நிறுவனமும் சேர்ந்து கட்டின. அது ஆற்றின் வெள்ளச் சமவெளி, நகரத்தின் நிலத்தடி நீர் ஊறும் இடம், அங்கே நிரந்தரக் கட்டடம் கூடாது என்று ‘யமுனா ஜியே அபியான்’ இயக்கத்தினர் சொன்னார்கள். வனத்துறை வேலையிலிருந்து வெளியே வந்து ஆற்றுக்காக உழைத்த மனோஜ் மிஸ்ராவும், ராஜஸ்தானின் ‘நீர் மனிதர்’ ராஜேந்திர சிங்கும் அதில் முன்னின்றார்கள். 2007 ஆகஸ்டில் ஆற்றங்கரையிலேயே சத்தியாகிரகம் தொடங்கினார்கள். உள்ளூர் விவசாயிகளும் உட்கார்ந்தார்கள்.

2008 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அவர்கள் கவலையை ஏற்று நிபுணர் குழு ஒன்றை அமைக்கச் சொன்னது. அதற்குள் கோபுரங்கள் மேலெழுந்துவிட்டன. 2009 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அந்த இடம் ஆற்றுப் படுகையும் இல்லை, வெள்ளச் சமவெளியும் இல்லை என்று சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்தது. நாட்டின் மானம், நெருங்கிவரும் தேதி ஆகிய இரண்டும் எல்லாத் தரப்பின் மனத்திலும் இருந்த காலம் அது. 2010 செப்டம்பரில் யமுனை பெருகி வந்தபோது கிராமத்தின் அடித்தளங்களில் தண்ணீர் நின்றது. நகரம் டெங்குவோடு போராடிக்கொண்டிருந்த நேரம் அது. நீதிமன்றத்தில் தோற்றவர்கள் மூன்று ஆண்டாகச் சொன்னதை ஆறு அந்த மாதத்தில் சொன்னது.

அதே மாதம் அணிகளின் முன்னோடிக் குழுக்கள் டெல்லி வந்து இறங்கின. அறைகளில் கட்டுமானக் கழிவு, கழிப்பறைகளில் அசுத்தம், படுக்கை விரிப்பில் நாயின் காலடித் தடம். மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று ஸ்காட்லாந்துக் குழு சொன்னது. காமன்வெல்த் விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவர் மைக் ஃபென்னல் மத்திய அமைச்சரவைச் செயலருக்கே கடிதம் எழுதினார். சுத்தம் பற்றிய அளவுகோல் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற பொருளில் அமைப்புக் குழுவின் லலித் பனோட் சொன்ன பதில் நாட்டையே தலைகுனிய வைத்தது. இந்தியக் குத்துச்சண்டை வீரர் அகில் குமார் தன் கட்டிலில் உட்கார்ந்ததும் அது உடைந்து விழுந்தது. தென்னாப்பிரிக்க அணியின் அறையில் பாம்பு இருந்ததாக அந்நாட்டுத் தூதர் சொன்னார். ஆற்றங்கரையில் கட்டிய வீட்டுக்கு வெள்ளக் காலத்தில் பாம்பு வருவதில் வியப்பில்லை. செப்டம்பர் 21 அன்று ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தை ஒட்டிக் கட்டிய நடைமேம்பாலம் இடிந்து தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். முதல்வர் ஷீலா தீட்சித் நேரில் இறங்கித் துப்புரவை முடுக்கிய பிறகு, அக்டோபர் 3 அன்று போட்டி எப்படியோ தொடங்கியது.

வெளிநாட்டு வீரர்கள் புகார் சொன்ன அந்தப் பத்து நாளில் இந்திய ஊடகங்கள் வெட்கத்தைப் பற்றி நிறையப் பேசின. பணத்தைப் பற்றிக் குறைவாகத்தான் பேசின. கட்டிய நிறுவனம் நிதி நெருக்கடியில் சிக்கியபோது 2009இல் டெல்லி வளர்ச்சி ஆணையம் 333 குடியிருப்புகளை 700 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து முன்கூட்டியே வாங்கிக் கைதூக்கிவிட்டது. தனியார் பணத்தில் கட்டப்படும் என்று சொல்லித்தான் திட்டம் தொடங்கியது. இறுதியில் ஆபத்து முழுவதும் பொதுப்பணத்தின் தலையில் ஏறியது. தணிக்கைத் துறைத் தலைவரின் 2011ஆம் ஆண்டு அறிக்கை இந்தக் கைதூக்கலைக் கடுமையாக விமர்சித்தது. அறைகள் ஏன் முடிக்கப்படாமல் கிடந்தன என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்தக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பணம் வராத கட்டுமானத்தில் கடைசியில் தள்ளிப்போவது குழாய், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு போன்ற கண்ணுக்குத் தெரியாத வேலைகள்தான்.

இந்தக் கதையில் தமிழர்களும் இருக்கிறார்கள். ஜங்புராவில் பாராபுல்லா ஓடையை ஒட்டித் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த தலித் குடும்பங்கள் முந்நூற்றுக்கும் மேல் வாழ்ந்தன. வீட்டுவேலை, துப்புரவு, கூலி என்று டெல்லியைத் தாங்கியவர்கள். 2010 ஏப்ரலில் அந்த வீடுகள் இடிக்கப்பட்டன. பக்கத்து ஸ்டேடியத்துக்குக் கார் நிறுத்துமிடம் தேவைப்பட்டது. விளையாட்டுக் கிராமத்திலிருந்து ஸ்டேடியத்துக்கு வீரர்களை விரைவாகக் கொண்டுபோக அந்த ஓடையின் மேல்தான் மேம்பாலச் சாலை போடப்பட்டது. போட்டி சார்ந்த வேலைகளால் 2004 முதல் டெல்லியில் குறைந்தது 2 லட்சம் பேர் வீடிழந்ததாக வீட்டுவசதி மற்றும் நில உரிமை வலையமைப்பு தன் ஆய்வறிக்கையில் கணக்கிட்டது. டெல்லி பல்கலைக்கழக விடுதிகளில் இருந்த மாணவர்களும் போட்டி விருந்தினருக்காக வெளியே அனுப்பப்பட்டு, நகரத்து வாடகையோடு மல்லுக்கட்டி, ஊர்வலம் போனார்கள்.

உலகளவில் பார்த்தால் டெல்லி விதிவிலக்காகத் தெரியவில்லை. 1988 சோல் ஒலிம்பிக்கையொட்டி 7,20,000 பேர் வெளியேற்றப்பட்டதாக வீட்டுவசதி உரிமைகளுக்கான ஜெனீவா மையம் 2007இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 1996இல் அட்லாண்டாவில் வீரர்களுக்கான விடுதிகள் எழுந்த பகுதியை ஒட்டி இருந்த டெக்வுட் ஹோம்ஸ், அமெரிக்கக் கூட்டரசு கட்டிய முதல் பொதுக் குடியிருப்புகளில் ஒன்று. ஒலிம்பிக்கைச் சாக்காக வைத்து அது இடிக்கப்பட்டது. எழுந்த புதிய குடியிருப்பில் பழைய குடித்தனக்காரர்களில் சிறு பகுதிக்குத்தான் இடம் கிடைத்தது.

2014 காமன்வெல்த் போட்டிக்காக கிளாஸ்கோ நகரின் கிழக்கில் டால்மார்னக் பகுதியில் 700 வீடுகள் கொண்ட கிராமம் எழுந்தது. அவற்றில் 400 குறைந்த வாடகைக்கு என்பது பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் அந்த இடத்தில் சொந்த வீட்டில் வாழ்ந்த ஒரு பாட்டியும் அவர் குடும்பமும் இழப்பீடு போதாது என்று வெளியேற மறுத்து, வீட்டுக்குள் அடைத்துக்கொண்டு போராடினார்கள். 2011 மார்ச்சில் போலீஸ் அவர்களை வெளியேற்றியது. நல்ல திட்டத்துக்குள்ளும் ஒருவருக்கு அநியாயம் நடக்க முடியும் என்பதற்கு அந்தத் தெரு சாட்சி. லண்டனில் 2012 ஒலிம்பிக்குக்கு முன்பு கிளேஸ் லேன் என்ற கூட்டுறவுக் குடியிருப்பிலிருந்து நூற்றுக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டதும் இந்த வரிசையில் சேரும்.

ரியோ டி ஜெனிரோவில் 2016இல் நடந்தது உள்ளே வெளியே என்ற இரண்டு குரலும் எவ்வளவு நெருக்கமானவை என்பதைத் தெளிவாகக் காட்டியது. பாஹா பகுதியில் ‘இல்ஹா புரா’ என்ற பெயரில் 31 கோபுரங்கள், 3,604 குடியிருப்புகள். போட்டி முடிந்ததும் வசதி படைத்தவர்களுக்கு விற்பதற்கான சொகுசு வீடுகள் அவை. இந்தப் பகுதி மேட்டுக்குடியினருக்கானது, ஏழைகள் இங்கே தேவையில்லை என்ற கருத்தைக் கட்டுமான நிறுவனத்தின் முதலாளி வெளிப்படையாகவே பத்திரிகையில் பேசினார். அதே பாஹாவில், ஒலிம்பிக் பூங்காவின் மதிலை ஒட்டி விலா ஆட்டோட்ரோமோ இருந்தது. மீனவர்கள் உண்டாக்கிய குடியிருப்பு. 1990களில் மாநில அரசே நில உரிமைப் பத்திரம் கொடுத்திருந்தது. சுமார் 600 குடும்பங்கள். நகராட்சி அவர்களை வெளியேறச் சொன்னது.

அவர்கள் மறுத்ததோடு நிற்கவில்லை. இரண்டு பல்கலைக்கழகங்களின் துணையோடு தங்கள் குடியிருப்பை இருந்த இடத்திலேயே மேம்படுத்தும் ‘மக்கள் திட்டம்’ ஒன்றைத் தாங்களே வரைந்து கொடுத்தார்கள். 2013இல் அது பன்னாட்டு விருது பெற்றது. நகராட்சி அதைச் செயல்படுத்தவில்லை. இடித்து, இழப்பீடு கொடுத்து, சிலரை அடித்துத் துரத்தி, கடைசியில் விட்டுக்கொடுக்காமல் நின்ற 20 குடும்பங்களுக்கு மட்டும் அதே இடத்தில் வீடு கட்டிக் கொடுத்தது. இருபது வீடு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒலிம்பிக் பூங்காவின் வாசலில், உலகத்தின் முன்னால், சொந்த மண்ணிலேயே இருந்து காட்டிய இருபது குடும்பம் என்று பார்த்தால் அதன் எடை புரியும்.

2016 ஜூலை இறுதியில் ஆஸ்திரேலிய அணித் தலைவர் கிட்டி சில்லர் தன் வீரர்களை இல்ஹா புராவுக்குள் அழைத்துப்போக மறுத்தார். அடைத்த கழிப்பறை, ஒழுகும் குழாய், வெளியே தெரியும் மின்கம்பி. ஒரே நேரத்தில் பல மாடிகளில் குழாய்களையும் கழிப்பறைகளையும் திறந்துவிட்டு அவர்கள் சோதித்துப் பார்த்தபோது சுவர் வழியாகத் தண்ணீர் இறங்கியது. எத்தனை கோடி செலவழித்தாலும், குடியிருப்பு முழுவதும் ஆள் நிறைந்தால் குழாய் தாங்குமா என்று யாரும் அதற்கு முன் பார்த்திருக்கவில்லை. அமைப்பாளர்கள் நூற்றுக்கணக்கான பிளம்பர்களையும் எலக்ட்ரீஷியன்களையும் இரவு பகலாக இறக்கினார்கள். போட்டி முடிந்த பிறகு இல்ஹா புராவின் பெரும்பாலான வீடுகள் வாங்க ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. விலா ஆட்டோட்ரோமோ மக்கள் கேட்டதும் வீடுதான்.

பணம் எப்படிக் கைமாறுகிறது என்பதை வான்கூவர் நன்றாகக் காட்டுகிறது. 2010 குளிர்கால ஒலிம்பிக்குக்காக ஃபால்ஸ் கிரீக் நீர்க்கரையில் சுமார் 1,100 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2008 நிதி நெருக்கடியில் கடன் கொடுத்த நிறுவனம் பணத்தை நிறுத்தியது. நகராட்சி மூடிய அறைக் கூட்டத்தில் 10 கோடி டாலர் கடன் கொடுக்க முடிவெடுத்தது. செய்தி கசிந்தபோது தேர்தல் காலம், ஊரே கொதித்தது. 2009 ஜனவரியில் மாகாண சட்டமன்றம் அவசரமாகக் கூடி, 45.8 கோடி டாலர் வரை கடன் வாங்க நகராட்சிக்கு அனுமதி தந்தது. குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு என்று ஒதுக்கிய 252 வீடுகளில் பாதியைத்தான் 2010இல் நகராட்சி அப்படியே வைத்தது. போட்டி நடந்துகொண்டிருந்தபோதே நகரின் ஏழ்மையான டவுன்டவுன் ஈஸ்ட்சைடில், ஹேஸ்டிங்ஸ் தெருவின் காலி மனையில், வீடற்றவர்களும் ஆதரவாளர்களும் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அதற்கும் அவர்கள் வைத்த பெயர் ஒலிம்பிக் கிராமம்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் எதிர்ப்பு கணக்கு வழக்காக வந்தது. ஹருமி நீர்க்கரையில் 13.4 ஹெக்டேர் பொதுநிலத்தை மாநகர அரசு 11 நிறுவனங்களின் கூட்டணிக்கு 1,296 கோடி யென்னுக்குக் கொடுத்தது. சந்தை விலையில் பத்தில் ஒரு பங்குதான் இது என்று குடிமக்கள் குழு 2017இல் வழக்குப் போட்டது. 2021 டிசம்பரில் மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. வீரர்களுக்குப் போட்ட அட்டைக் கட்டிலைப் பற்றி உலகம் முழுவதும் ஓடிய வேடிக்கைச் செய்திகளில் நூறில் ஒரு பங்கு கவனம் இந்த வழக்குக்குக் கிடைத்திருந்தால் டோக்கியோ மக்களுக்குப் பயன்பட்டிருக்கும்.

பாரிஸ் இதையெல்லாம் பார்த்துத் திருந்த முயன்ற நகரம். அந்த முயற்சியை மதிக்க வேண்டும். 2024 கிராமத்தைப் பிரான்ஸின் ஏழ்மையான வட்டாரமான சேன் சான் தெனியில், மூன்று ஊர்களின் எல்லையில் கட்டினார்கள். பின்னால் 2,800 வீடுகளாகும், அதில் ஒரு பகுதி பொது வீட்டுவசதிக்கு என்ற உறுதியும் இருந்தது. ஏசி இல்லாமல், பூமிக்கடியிலிருந்து வரும் குளிர்ந்த நீரைத் தரையில் ஓடவிட்டு அறையைக் குளிர்விப்பது திட்டம். வெயிலுக்கு அஞ்சிய நாடுகள் சுமார் 2,500 தற்காலிக ஏசிகளைத் தருவித்தன. இந்திய விளையாட்டு அமைச்சகமும் ஆகஸ்டில் 40 ஏசிகளை வாங்கிக் கொடுத்தது. பணமுள்ள அணிக்குக் குளிர்ச்சி, இல்லாத அணிக்கு வேர்வை என்று ஒரே கட்டடத்துக்குள் பாகுபாடு வந்தது. நூறு மீட்டர் மல்லாந்து நீச்சலில் தங்கம் வென்ற இத்தாலியின் தோமாஸ் செக்கோன் அறையின் சூட்டையும் இரைச்சலையும் குறைகூறியவர். அவர் மரத்தடிப் புல்லில் துண்டு விரித்துத் தூங்கும் படம் உலகம் முழுவதும் பரவியது.

அந்தக் கிராமம் எழும் முன்பு சான்த்வான் பகுதியில், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தொழிலாளர்கள் 200க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த விடுதி ஒன்று இருந்தது. பாரிஸைச் சுத்தம் செய்தும் கட்டியும் வயதானவர்கள் அதில் பலர். 2021இல் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். போட்டி ஊழியர்களுக்கும் பாதுகாப்புப் படையினருக்கும் இடம் வேண்டுமென்று மாணவர் விடுதி அறைகள் ஆயிரக்கணக்கில் கேட்கப்பட்டன. மாணவர் சங்கம் நீதிமன்றம் போய் 2023 ஆகஸ்டில் தடை வாங்கியது. டிசம்பரில் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் தடையை நீக்கியது. நூறு யூரோவும் இரண்டு நுழைவுச்சீட்டும் ஈடாகத் தரப்பட்டன. போட்டிக்கு முந்தைய ஓராண்டில் பாரிஸ் வட்டாரத்தில் 12,545 பேர் தெருவோரங்களிலிருந்தும் முகாம்களிலிருந்தும் அகற்றப்பட்டதாக ‘பதக்கத்தின் மறுபக்கம்’ என்ற கூட்டமைப்பு கணக்கு வைத்தது. 2010இல் டெல்லியில் ஊர்வலம் போன மாணவருக்கும் 2023இல் பாரிஸில் வழக்குப் போட்ட மாணவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. கேட்டது ஒரே கேள்வி.

புதிதாகக் கட்டாமலே போட்டி நடத்த முடியும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் 1984இல் பல்கலைக்கழக வளாகங்களில் வீரர்களைத் தங்கவைத்தது. முதலில் 2024க்குக் கேட்டு, பிறகு 2028க்குக் கிடைத்த போட்டிக்காக, ரயில்வே யார்டு ஒன்றில் பெருஞ்செலவில் கிராமம் கட்டும் யோசனையை 2016இலேயே கைவிட்டு யுசிஎல்ஏ வளாகத்தைத் தேர்ந்துகொண்டது. பர்மிங்ஹாம் பெர்ரி பார் பகுதியில் 2022 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டத் தொடங்கிய கிராமம் கொரோனாவால் தாமதமானபோது, பல்கலைக்கழகங்களிலும் ஓட்டல்களிலும் வீரர்களைத் தங்கவைத்துப் போட்டியைக் குறையின்றி முடித்தது. ஒரு வீரர்கூட உறங்காத அந்த விளையாட்டுக் கிராமம் நகராட்சிக்குப் பெரும் நட்டமாக நின்றது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் போட்டியை நான்கைந்து வட்டார நகரங்களில் பரப்பி, ஊருக்கு ஒரு கிராமம் என்று திட்டமிட்டது. செலவு மதிப்பீடு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதும் 2023 ஜூலையில் விலகி, 38 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுத்தது. அந்த ஊர்களுக்கு வீடு கட்டுவதற்கான நிதியை மட்டும் தனியாக அறிவித்தது. வீடுதான் நோக்கம் என்றால் போட்டியைச் சுற்றிவந்து கட்ட வேண்டியதில்லை என்பதை ஓர் அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது.

இந்த அனுபவங்கள் எல்லாம் இப்போது இந்தியாவுக்கு நேரடியாகத் தேவைப்படுகின்றன. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு என்று 2025 நவம்பரில் உறுதியாகிவிட்டது. 2036 ஒலிம்பிக்கையும் அங்கேயே நடத்தும் விருப்பத்தை இந்தியா தெரிவித்திருக்கிறது. முகூர்த்தம் குறித்துவிட்ட வீடு போல, தேதி முடிவான பிறகு எல்லாத் தவறுக்கும் நேரமின்மையே சாக்காகும். ஆகவே கேட்க வேண்டியதை இப்போதே கேட்டாக வேண்டும். வீரர்கள் தங்கும் கட்டடம் யாருக்கு, என்ன விலைக்குப் போகும்? கட்டும் நிறுவனம் தடுமாறினால் நட்டம் யார் தலையில்? அந்த மண்ணில் இப்போது இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே, அவர்களுக்கு மாற்று வீடு எத்தனை கிலோமீட்டருக்குள்? செங்கல் சுமப்பவர்களின் கொட்டகைக்குத் தண்ணீரும் கழிப்பறையும் உண்டா? எல்லா அறையிலும் ஆள் நிறைந்தால் குழாய் தாங்குமா என்ற சோதனை ஆறு மாதம் முன்பே நடக்குமா? ஒப்பந்தத்தை யார் வேண்டுமானாலும் படிக்க முடியுமா?

அகமதாபாத் மக்களுக்கு இந்தக் கேள்விகள் பழகியவை. சபர்மதி ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது கரையோரக் குடும்பங்கள் ‘சபர்மதி நாகரிக் அதிகார் மஞ்ச்’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, 2005இல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அந்தக் கரையிலிருந்து எழ வேண்டியிருந்தது. வழக்கு நடந்ததால் அவர்களில் பெரும்பகுதிக்கு நகரத்தின் பல மூலைகளில் மாற்று வீடு கிடைத்தது. புதிய விளையாட்டு வளாகம் திட்டமிடப்படும் மோட்டேராவும் அதே சபர்மதியின் கரையில்தான் இருக்கிறது.